நட்சத்திரம் போட்ட சொல்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழர்களுக்குத் தர்மிகா ‘ரஷ்யப் படிப்புப் படிக்கிற பிள்ளை’. உண்மையில் அவள் படித்தது ரஷ்யன், போலிஷ், செக் போன்ற ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றுக்கும் தாயான, எவரும் எழுதி வைக்காத ஒரு பழைய மொழியை. ஆய்வுக்கு எடுத்தது ஒரே ஒரு சொல்: ‘பிச்’, அதாவது சாட்டை. இதெல்லாம் ஒரு படிப்பா என்று கோயில் சனம் கேட்டது. கேட்பதற்கென்ன, காசா பணமா.

‘அடி’ என்று பொருள்படும் வினையிலிருந்து, அடிக்கிற பொருளுக்குப் பெயராக அந்தச் சொல் பிறந்தது. போலந்துக்காரரிடமும் செக்காரரிடமும் ரஷ்யரிடமும் இன்றும் ஏறக்குறைய அதே உருவில் இருக்கிறது. கிழக்கே ஸ்லாவியருக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஜெர்மானியர் அதை வாங்கிப் ‘பைட்ஷ’ ஆக்கிக்கொண்டார்கள். மூலச் சொல் எந்த ஏட்டிலும் இல்லை. பிள்ளை மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்துத்தான் தாய்ச் சொல்லைக் கண்டுபிடிக்கிறார்கள். யாரும் கண்ணால் கண்டதில்லை என்பதற்கு அடையாளமாக அதன் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள்.

அவள் வீட்டிலும் ஒரு சாட்டை இருந்தது. பழைய சோற்றுக் குக்கரின் வயர். அப்பா கனகலிங்கம் ஊருக்கு எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். கதவைச் சாத்தினால் மிருகம். தர்மிகா பதினாறு வயது வரை வாங்கினாள். பிறகு தங்கை கபிஷாவின் முறை வந்தது.

தழும்பு தெரிந்துவிடும் என்று கபிஷா பள்ளி நீச்சல் வகுப்புக்குப் போகாமல் இருந்தாள். ஆசிரியை வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். வகுப்புக்குப் போகாததற்காக அப்பா வயரை எடுத்தார்.

தர்மிகா வீட்டுக்கு வந்தபோது கபிஷா குளியலறை மூலையில் சுருண்டு கிடந்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் வயர் நுனியிலிருந்த பிளக்கின் இரண்டு முனைகளும் அவள் முதுகில் குத்தின. அம்மா சுந்தரேஸ்வரி கதவடியில் நின்று, “முகத்தில அடிக்காதேங்கோ” என்றாள். அவ்வளவுதான் அவளால் கேட்க முடிந்த இரக்கம். தர்மிகா நடுவே பாய்ந்தாள். அடுத்த அடி அவள் காதைக் கிழித்தது. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தாள். வாயில் இரத்தம் உப்புக்கரிக்கும்வரை விடவில்லை. வயர் கீழே விழுந்ததும் தங்கையை இழுத்துக்கொண்டு, செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினாள்.

மறுநாள், தர்மிகாவின் முறைப்பாட்டின்பேரில், சிறுவர் நலக் காரியாலயத்தில் விசாரணை. அடித்தது உறுதியாகாவிட்டால் கபிஷா அன்றே வீடு திரும்ப வேண்டும். படியில் விழுந்தாள் என்று கனகலிங்கம் ஜெர்மன் மொழியில் பணிவாகச் சொன்னார். பிறகு மூத்த மகளிடம் திரும்பித் தமிழில் கேட்டார்.

“நான் அடிச்சதை ஆர் கண்டது?”

“ஒருத்தரும் காணேல்லை அப்பா.”

தர்மிகா எழுந்து, அதிகாரிப் பெண்ணுக்கு முதுகைக் காட்டிச் சட்டையை உயர்த்தினாள். வெளிறிய பழைய கோடு, அதன் முடிவில் இரண்டு புள்ளிகள். பக்கத்தில் தங்கையை நிறுத்தினாள். அவள் முதுகிலும் கோடு, இரண்டு புள்ளிகள். அவை இன்னும் சிவப்பாக இருந்தன.

“இப்பச் சொல்லுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் எந்தப் படியில விழுந்தனாங்கள்?”

கனகலிங்கம் மனைவியைப் பார்த்தார். நீயாவது சொல் என்கிற பார்வை. சுந்தரேஸ்வரி எழுந்தாள். தன் சட்டைக் கையைத் தோள்வரை மெல்லச் சுருட்டி, மகள்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கேயும் அதே இரண்டு புள்ளிகள் இருந்தன.

அன்று கபிஷா வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவும் போகவில்லை.