பாஞ்சாலியின் ஒன்றே முக்கால் நிமிஷம்

பாஞ்சாலி தன் ஆயுளில் எவ்வளவோ பேசியிருப்பாள். அதில் அரசாங்கத்தின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றே முக்கால் நிமிஷம். அந்த ஒன்றே முக்கால் நிமிஷத்தைத் திரும்ப வாங்க அவள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடந்த நடைதான் அவளுடைய வாழ்க்கை வரலாறு. மற்றபடி அவள் களை எடுத்தாள், கல் சுமந்தாள். அதையெல்லாம் வரலாற்றில் சேர்க்கிற பழக்கம் நமக்கு இல்லை.

திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிற சீமை இது. ஊருக்கு நாலு பாஞ்சாலி இருப்பார்கள். இந்தப் பாஞ்சாலி இருந்தது பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு காலனியில். ஊர் தனி, காலனி தனி. நடுவில் ஒரு வண்டிப்பாதை. அவள் புருஷன் சின்னக்கண்ணு மலையில் கல் உடைத்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ஒரு பாறை உருண்டு விழுந்து அவனுடைய வலது கால் போனது. மேஸ்திரி முதலில் பாறை சேதமில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகு பாஞ்சாலி இரண்டு ஆள் வேலை செய்து ஒன்றரை ஆள் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்து அம்மையில் போய்விட்டது.

அறுபத்தாறாம் வருஷக் கோடையில் அந்தச் சாப்பாடும் நின்றது. முந்தின ஐப்பசி மழை பொய்த்திருந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடியைக் கிளப்பிப் பார்த்தால் காய்க்குப் பதில் மண் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தாண்டவராயன் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அவர் கழனியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்தால் அரைப்படி கேப்பை. அதற்கும் அடிதடி. மற்ற நாட்களில் காலனிக்காரர்கள் புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்துத் தின்றார்கள்.

ஆனால் வழியில் பார்த்தால், "சாப்ட்டியா?" என்று கேட்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. "ஆச்சு" என்ற பதிலையும் யாரும் மாற்றவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது வீண் ஜம்பமாகத் தெரியலாம். ஆகவில்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவள் தன் பானையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். அந்தப் பானையில் என்ன இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ள அவர்களிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அந்தச் சமயத்தில் வறட்சி நிவாரணத்துக்கென்று திண்டிவனத்தில் ஒரு தற்காலிக ஆபீஸ் திறந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் ஓர் இடத்துக்கு மட்டும் கஞ்சித் தொட்டி. எந்த ஊரில் பசி அதிகம் என்று விசாரித்து முடிவு செய்வார்களாம். பசியிலும் முதல் பரிசு ஒன்றுதான் என்று காலனிக்குப் புரிந்தது.

ஆனி மாதம் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் சீனுவாசன். பட்டணத்து வானொலிக்காகப் பேட்டி எடுப்பவர். உலக விவகாரங்களைப் பற்றிப் பாமர மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவருடைய நிகழ்ச்சி. தாண்டவராயன் தன் வீட்டில் இளநீர் கொடுத்து, தானே கால் மணி நேரம் உலக சமாதானம் பற்றிப் பேசினார். சீனுவாசனுக்கு அலுத்துவிட்டது. நிஜமான ஏழை ஒருவர் வேண்டும் என்று வண்டிப்பாதையைத் தாண்டிக் காலனிக்கு வந்தார். அவர் நல்லவர். இந்தக் கதையில் கெட்டவரைத் தேடினால் அகப்படுவது கஷ்டம். அப்படி ஒருவர் தேவைப்படவும் இல்லை.

பக்கத்து வீட்டு வீரம்மாள்தான் பாஞ்சாலியை முன்னால் தள்ளினாள். வீரம்மாளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"அந்தப் பொட்டில பேசுனா சர்க்காருக்கே கேக்குமாம். நீதான் தெகிரியமா பேசுவ. கஞ்சித் தொட்டி வேணும்னு பட்டுனு சொல்லிடுக்கா."

"மொதல்ல அவரு கேக்கட்டும்டி. கேக்காத முன்ன எப்டி சொல்றது?"

சீனுவாசன் மைக்கை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். இயந்திரம் சரியாக வாங்குகிறதா என்று பார்க்க எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆச்சுங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க."

வீரம்மாள் பின்னாலிருந்து அவள் முதுகைக் கிள்ளினாள். பாஞ்சாலிக்கு அது ஏனென்று புரியவில்லை. வாசலுக்கு வந்த மனுஷன் விசாரிக்கிறார். அதற்கு வேறு பதில் உண்டா என்ன? பசியைப் பற்றிய கேள்வி இனிமேல்தான் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"ரூபாயோட மதிப்பைச் சர்க்கார் குறைச்சிருக்காங்களே, அது உங்களை எப்படிப் பாதிச்சிருக்கு?"

"கொறைஞ்சிச்சா ஏறிச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் அதைக் கண்ணால பாத்தே நாளாச்சு."

சீனுவாசன் சிரித்தார். "அமெரிக்காவிலேருந்து கப்பல் கப்பலா கோதுமை வருது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கிட்டக் கை நீட்டலாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பாஞ்சாலி கொஞ்சம் யோசித்தாள். "குடுக்கறவன் கை மேல, வாங்கறவன் கை கீழ. வவுறு நடுவுல கெடக்குதுங்க."

"வியட்நாம்ல சண்டை நடக்குது, தெரியுமா?"

"அது எந்தப் பக்கங்க? கூட்டேரிப்பட்டு தாண்டியா?"

"ரொம்ப தூரம்மா. கடல் தாண்டி."

"அங்கியும் காலனி இருக்குதுங்களா?"

"இருக்கும்னு நினைக்கிறேன்."

"அப்ப அவுங்கதான் மொதல்ல சாவாங்க."

சீனுவாசன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வயரைச் சுற்ற ஆரம்பித்தார். கேள்விகள் தீர்ந்துவிட்டன என்று அப்போதுதான் பாஞ்சாலிக்கு உறைத்தது.

"ஐயா, அந்தக் கஞ்சித் தொட்டி விசயம் ஒண்ணு..."

"ரீல் தீர்ந்துபோச்சும்மா. பரவாயில்லை, சொல்லுங்க. நான் ஞாபகம் வச்சுக்கறேன்."

மூடிய பெட்டியைப் பார்த்து பாஞ்சாலி எல்லாவற்றையும் சொன்னாள். புளியங்கொட்டை, அரைப்படிக் கேப்பை, படுத்த படுக்கையாய்க் கிடக்கிற சின்னக்கண்ணு, வீரம்மாளின் பிள்ளைகளுக்கு வீங்கிப்போன கால், எல்லாமே. சீனுவாசன் கண் கலங்கினார். ஞாபகமும் வைத்திருந்திருப்பார். ஞாபகத்தை ஒலிபரப்ப முடியாது.

பத்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம், ஊர்ச் சாவடி வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் பேட்டி வந்தது. காலனிக்காரர்கள் வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். "வறட்சியிலும் வாடாத முகம்" என்று சீனுவாசன் குரல் முன்னுரை சொன்னது. அப்புறம் பாஞ்சாலி. ஆச்சுங்க. ஒரு கொறையும் இல்லீங்க. குடுக்கறவன் கை மேல, வாங்கறவன் கை கீழ. வயிற்றைக் காணோம். ரூபாய், வியட்நாம் இரண்டும் நேரம் போதாமல் கீழே விழுந்திருந்தன. அயல்நாட்டு உதவிக்குக் கை நீட்ட மறுக்கும் கிராமத்துத் தன்மானம் இதுவே என்று முடித்து வைத்து, நாதஸ்வரம் போட்டார்கள்.

நாதஸ்வரம் முடிந்தது. முதலில் வீரம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"நீ துன்னது எங்க வவுத்துக்கும் சேத்தாக்கா?"

மறுநாளே தாண்டவராயன் சைக்கிளில் திண்டிவனம் போனார். கஞ்சித் தொட்டி வந்தால் அரைப்படிக் கேப்பைக்கு எவள் வந்து குனிவாள் என்ற கவலை அவருக்கு. ஆபீஸில் அதைச் சொல்லவில்லை. ரேடியோ கேட்டீர்களா என்று மட்டும் விசாரித்தார். கேட்டிருந்தார்கள். பட்டியலில் காலனியின் பெயரை அடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு காலனியில் பாஞ்சாலியை யாரும் திட்டவில்லை. எதிரே வந்தால் விலகிப் போனார்கள். அவளிடம் மட்டும் சாப்பிட்டியா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். குடிசைக்குள் சின்னக்கண்ணுதான் பேசினான்.

"ஒலகத்துக்கே சௌக்கியம்னு சொல்லிட்ட. எனுக்கு மட்டும் இன்னாடி சொல்லப் போற?"

"போயி நான் சொன்னது பொய்யின்னு சொல்லிட்டு வர்றேன்."

"ஜல்தி போய்ட்டு வா. நான் போறதுக்குள்ள வந்துடு" என்று சிரித்தான். அவனுக்கு எப்போதும் விளையாட்டுத்தான்.

திண்டிவனம் ஆபீஸில் விருத்தாசலம் என்ற குமாஸ்தா இருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீ சொன்னதுக்கு ரிக்கார்டு இருக்குதும்மா. சொல்லாததுக்கு இன்னா ரிக்கார்டு இருக்குது? ஆபீசரு விழுப்புரத்துல கேம்ப்பு. அவரைப் போய்ப் பாரு. எனுக்கு இது பேஜாரு."

பாஞ்சாலி விழுப்புரத்துக்கு நடந்தாள். கூட்டேரிப்பட்டில் டீக்கடைக்காரர் வெல்லத் துண்டு ஒன்றும் தண்ணீரும் கொடுத்தார். லாரிகள் அவள் பக்கத்தில் அரிசி மூட்டையோடு போயின. எந்த ஊருக்கென்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் விழுப்புரத்தில் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"சாமி, ரேடியோவுல நான் பொய் சொல்லிட்டேங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எது பொய்?"

"துன்னேன்னு சொன்னது."

"அன்னிக்கு நீ சாப்பிடலையா?"

"அதுக்கு மொத நாளும் இல்லீங்க."

"பின்ன எதுக்கு அப்படிச் சொன்னே?"

"கேட்டாருங்க. வாசலாண்ட வந்து கேட்டவர்கிட்ட வேற இன்னா சொல்றது?"

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். அவரும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மேஜை கிராமத்திலிருந்து வந்ததல்ல. வானொலியில் பொய்ச் செய்தி கூறினேன் என்று ஒரு வாக்குமூலம் எழுதி, அவளுடைய கட்டை விரலில் மை தடவி ஒற்றிக்கொண்டார்கள். பொய் சொன்னதாக ஒப்புக்கொண்ட ஒருத்தி இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று பக்கத்தில் இருந்தவர் சட்டம் பேசினார். நேரில் போய் விசாரிக்கும்படி அதிகாரி ஒரு வரி எழுதினார். அந்த வரி விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்து சேரப் பதினெட்டு நாள் பிடித்தது. பாஞ்சாலி நடந்தே இரண்டு நாளில் கடந்த தூரம்.

அவள் திரும்பி வந்தபோது சின்னக்கண்ணு இருந்தான். அவள் வந்த பதினோராம் நாள், ஆடி மாதத்துப் புழுக்கத்தில், விடிந்து கொஞ்ச நேரத்தில் இறந்துபோனான். தகவல் எழுத வந்தவர் வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொண்டார். போவதற்கு அந்த வயிற்றில் எதுவும் இருக்கவில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். நின்று நடக்கத் தெம்புள்ள நாலு பேரைச் சேர்க்க மத்தியானம் ஆனது.

நேர் விசாரணைக்கு விருத்தாசலமே வந்தார். வீரம்மாளின் பிள்ளைகளுடைய காலை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய குழி அப்படியே நின்றது. குறித்துக்கொண்டு போனார். ஆவணி முதல் வாரம் காலனி முனையில் தொட்டி வைத்தார்கள். அமெரிக்காக் கோதுமையின் நொய், தண்ணீர், உப்பு. தலைக்கு ஒரு கரண்டி. தலைகளின் பட்டியல் பழைய வீட்டு வரிசைப்படி எழுதப்பட்டிருந்தது. அதில் சின்னக்கண்ணுவின் பெயரும் இருந்தது.

முதல் நாள் பாஞ்சாலி முறை வந்தது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. பதினாறாம் நாள் அறுக்க வேண்டிய தாலி. காரியம் செய்ய அரிசியும் எண்ணெயும் இல்லை என்று காலனிப் பெரியவர்கள் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

விருத்தாசலம் பேரேட்டைப் பார்த்தார். "சின்னக்கண்ணு எங்கம்மா?"

வரிசையில் முன்னாலும் பின்னாலும் இருபது பேர். எல்லோரும் அவனைத் தூக்கியவர்கள், அல்லது மண் போட்டவர்கள்.

"ஊட்ல படுத்துக்கினு கெடக்குறாருங்க. கால் இல்லாதவரு" என்றாள் பாஞ்சாலி.

இருபது பேரும் பெருமுக்கல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருத்தாசலம் அவள் கழுத்தைப் பார்த்தார். பேரேட்டில் இரண்டு பெயருக்கும் எதிரே வந்ததாகக் கோடு போட்டார். இரண்டு கரண்டி விழுந்தது.

அதில் ஒன்றை அவள் வீரம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் தட்டில் ஊற்றினாள்.

"யாருதுக்கா இது?"

"அந்தாளுது. குடிக்கச் சொல்லு."

வீரம்மாள் தட்டை நகர்த்திவிடவில்லை. மறுநாள் பாஞ்சாலி வருவதற்குள் தட்டைக் கழுவி வைத்திருந்தாள்.

தினமும் காலையில் பாஞ்சாலி பொட்டு வைத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். காரியத்தைப் பற்றிக் காலனியில் யாரும் வாயெடுக்கவில்லை. புரட்டாசியில் அவளுடைய அண்ணன் வந்து, செத்தவனுக்குப் பொண்டாட்டியாய் எத்தனை நாள் திரியப்போகிறாய் என்று கத்தினான். வீரம்மாள் அவனை வாசலோடு திருப்பி அனுப்பினாள். இறந்தவனுக்கு இது அவமானம் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். இறந்தவன் என்ன நினைத்திருப்பான் என்று தெரியவில்லை. ஒருவேளை சிரித்திருப்பான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஐந்தாம் நாள் தொட்டியைக் கவிழ்த்து வண்டியில் ஏற்றினார்கள். பேரேட்டின்படி சின்னக்கண்ணு அதுவரை ஒரு நாளும் தவறாமல் கஞ்சி குடித்திருந்தான். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் காலனிப் பெண்கள் பாஞ்சாலியைக் குட்டைக் கரைக்கு அழைத்துப் போனார்கள். ஆடியில் அழ வேண்டியதை ஐப்பசியில், கொட்டுகிற மழையில், எல்லோருமாக அழுதார்கள். தாலியை வீரம்மாள்தான் கழற்றினாள்.