இரண்டு கேட்டுக்கு நடுவில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் குளிர்சாதன லாரி ஓட்டுகிறார். எங்கள் நாட்டோடு சேர்த்து மூன்று நாடு வழியாக மீன் ஏற்றிப்போய், திரும்பும்போது பழம் ஏற்றிக்கொண்டு வருவார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பெயரில் ஒரு அபராதச் சீட்டு வந்ததில்லை. மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே பிரேக்கை மிதிக்கிற ஆள். எங்கே வரிசையைப் பார்த்தாலும் போய்க் கடைசியில் நின்றுகொண்டு, அப்புறம்தான் இது எதற்கு வரிசை என்று கேட்பார். கூட ஓட்டுகிறவர்கள் அவருக்கு 'ரூல்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் இன்னும் காரமாக வைத்திருப்பேன்.

எனக்கு மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கிற வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரிடம் திட்டு வாங்குகிறவள். அந்தத் திட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து இவர் தலையில் இறக்குவேன். இவர் "சரிம்மா, சரிம்மா" என்பார். இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த நோய் வந்தது. ஒரே நோய், ஆனால் மூன்று நாட்டுக்கும் மூன்று புத்தி. முதல் நாட்டில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டுவார்கள், சூடு இல்லையென்றால் போகலாம். வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்கவைத்துவிட்டுச் சூடு பார்ப்பார்கள், அந்த அறிவாளிகள். இரண்டாவது நாட்டில் மணிக்கட்டில் பட்டையை மாட்டிவிடுவார்கள். டிரைவர் டீ குடிக்க இறங்கினாலும் அங்கே யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் நாடு எதையும் நம்பாது. மூக்கில் குச்சியை விட்டு, நோய் இல்லை என்று தாள் வந்தால்தான் கேட் திறக்கும்.

இவருக்கு இரண்டாவது நாட்டில் நோய் வந்தது. வார்டில் பத்து நாள் வைத்திருந்தார்கள். அந்த ஊர் சட்டப்படி பத்து நாள் ஆகி, காய்ச்சலும் நின்றுவிட்டால் நோய் போய்விட்டது. பட்டையைக் கழற்றி, 'குணமடைந்து வெளியேறினார்' என்று எழுதி, கேட்டைச் சாத்திவிட்டார்கள். அரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் நாட்டு கேட். அங்கே குச்சி விட்டார்கள். நோய் இருக்கிறது என்று வந்தது.

நோய் போனபிறகும் அதன் மிச்சம் சில பேருக்கு வாரக்கணக்கில் குச்சியில் ஒட்டுமாம், அது யாருக்கும் தொற்றாதாம். என் நாத்தனார் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அவள் சொன்னால் கேட் திறந்துவிடுமா?

ஆக, இரண்டு கேட்டுக்கும் நடுவில் லாரியை ஓரங்கட்டினார். அங்கே இருப்பது தார் ரோடும் ஒரு குழாயும் ஒரு கக்கூஸும்தான். சுற்றிலும் கயிறு கட்டி, யாரும் கிட்டே போகக்கூடாது என்று பலகை வைத்தார்கள். அந்தப் பக்கம் திரும்ப முடியாது, ஏனென்றால் வெளியேறிவிட்டார். இந்தப் பக்கம் வர முடியாது, ஏனென்றால் இன்னும் வரவில்லை. தினமும் சாயங்காலச் செய்தியில் இரண்டு நாடும் தொற்று இத்தனை, குணம் இத்தனை என்று தலையை எண்ணிச் சொல்லும். இரண்டிலும் என் புருஷன் தலை இல்லை.

எண்ணாவிட்டால் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் அவர் சர்க்கரை நோயாளி. காலையும் மாலையும் இன்சுலின் போட்டாக வேண்டும். பழப்பெட்டிகளுக்கு நடுவே மருந்தைக் குளிரில் வைத்திருந்தார். அங்கே நின்ற பன்னிரண்டாம் நாள் போனில், "மருந்து இன்னும் மூணு நாளைக்கு ஓட்டிடலாம்மா. பாதி பாதியா போட்டுக்கறேன்" என்றார், ஏதோ டீசலைச் சிக்கனம் பண்ணுகிற மாதிரி.

நான் எல்லை அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், அவர் நம்ம லிஸ்ட்லயே இல்லையே."

"ஏன் இல்ல?"

"இன்னும் உள்ள வரலையே."

"உள்ள விடாதது நீங்கதானே!"

"குச்சியில இல்லைன்னு வந்தா விட்டுடுவோம் மேடம்."

"சரி, மருந்தாவது குடுங்க."

"லிஸ்ட்ல இருக்கிற பேஷண்டுக்குத்தான் மருந்து."

அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போட்டேன். உங்கள் கணவர் குணமாகிவிட்டார் என்று வாழ்த்துச் சொன்னார்கள். நானே கொண்டுபோகலாம் என்றால் எட்டு மணி நேரப் பயணம், பஸ் எதுவும் ஓடவில்லை. கூரியரில் அனுப்பிய மருந்து கேட் காவலரின் மேஜையிலேயே கிடந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பொருள் கொடுக்க உத்தரவு இல்லையாம்.

வேறு வழியில்லாமல் இவரிடமே சொன்னேன்.

"ஏங்க, அந்தக் கேட்டுக்குக் கீழ குனிஞ்சு வந்துடுங்க. அப்புறம் என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

"சும்மா இரும்மா. எனக்கு முன்னாடியே மாட்டிக்கிட்ட ரெண்டு லாரி நிக்குது."

"அவங்களுக்கும் சுகர் இருக்கா?"

"தெரியலையே. கேட்டுச் சொல்லட்டுமா?"

கேட்டுச் சொல்கிறாராம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

பதினேழாம் நாள் காலை அவர் பேச்சே குழறியது. இரண்டு நாளாக ஊசி இல்லை, விடியற்காலையிலிருந்து வாந்தி. நாத்தனாரும் லைனில் இருந்தாள். அவரைப் போனை வைக்கச் சொல்லிவிட்டு என்னிடம், "அண்ணி, அண்ணன் மூச்சு வாங்கறது கேட்டுச்சா? இன்னிக்கு ஊசி போகலைன்னா அண்ணன் நமக்கு இல்ல" என்று சொல்லி அழுதாள்.

நான் அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் போனில் அழைப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது, எடுத்தேன். தெருவுக்கு விளக்குப் போடுங்கள் என்று ஒருவர் கெஞ்சினார். "பார்க்கிறோம் சார்" என்று வைத்துவிட்டேன். அடுத்தவர், கம்பி அறுந்து ரோட்டில் கிடக்கிறது என்றார். உடனே புகார் நம்பர் போட்டேன். எங்கள் வேலையில் கெஞ்சுகிறவருக்கு நம்பர் கிடையாது. ஆபத்து என்று புகார் சொன்னால் நம்பர் விழும், விழுந்தால் நேரம் ஓடும், அதை மூடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஐந்து நாளாக நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சீ, தினம் இதே வேலையைச் செய்கிறவளுக்கு இது உறைக்கவில்லையே!

நோய்க் கண்காணிப்பு அறைக்குப் போட்டேன்.

"தொற்று இருக்கிற லாரி டிரைவர் ஒருத்தர் எல்லையத் தாண்டித் தப்பிச்சு வந்துட்டார்" என்று சொல்லி, லாரி எண்ணையும் அது நிற்கிற இடத்தையும் கொடுத்தேன்.

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் புருஷன்."

அந்தப் பெண் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு, "புகார் எண் எழுதிக்குங்க மேடம்" என்றாள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை நான் சொல்கிற அதே வார்த்தை. கேட்டதும் மேஜையில் கவிழ்ந்து அழுதேன்.

நாற்பதே நிமிஷம். இரண்டு வேன், ஆறு பேர், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. அவர் லாரிக்குள்ளேயே சுருண்டு கிடந்தார். யார் நிலத்தில் கிடந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்பரை மூடவேண்டுமே! தூக்கிக்கொண்டு போய் வார்டில் போட்டார்கள். சர்க்கரை ஐந்நூற்றுச் சொச்சம். சாயங்காலச் செய்தியில், 'எல்லை தாண்டித் தப்பிய டிரைவர் பிடிபட்டார்' என்று வந்தது. அடப்பாவிகளா, ஒழுங்காக நின்றவரை ஒருத்தனும் பார்க்கவில்லை, ஓடினார் என்றதும் நாடே பார்க்கிறது.

பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நான் ஓடினேன்னா சொன்ன?"

"ஆமா. உயிரோட உக்காந்து கேக்கறீங்க இல்ல? நல்லா கேளுங்க."

"இருபத்திரண்டு வருஷம்மா" என்றார். மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பேசினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரையும். அதிகாரி விஷயத்தை நேராகவே சொன்னார். அவர் தப்பி ஓடியது உண்மையென்றால் லைசென்ஸில் குற்றம் பதிவாகும், ஒரு வருஷம் எல்லை தாண்டி ஓட்ட முடியாது. ஓடவில்லையென்றால் நான் கொடுத்தது பொய்ப் புகார். நோய்ச் சட்டத்தில் அதற்கு ஆறு மாதம் ஜெயில், என் வேலையும் போகும். கேட் காவலரோ 'கவனிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொண்டிருந்தார்.

நான் முடிவு பண்ணித்தான் போயிருந்தேன். பொய் என்னுடையது, அவர் பேரில் ஒரு கீறல் விழக்கூடாது. "சார்" என்று வாயைத் திறந்தேன். இவர் மேஜைக்கு அடியில் என் கையை அழுத்திப் பிடித்தார்.

"ஓடினேன் சார்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"வீட்டுக்குப் போகணும்னு இருந்தது சார்."

அதிகாரி எழுதி முடித்துத் தாளை நீட்டினார். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷனைத் திட்டக்கூட எனக்கு அப்போது வாய் வரவில்லை.