மூன்றாம் பக்கம்

எதையும் நாலு வரியில் அடக்கிவிடுவான் என்று எனக்குக் காமயகவுண்டன்பட்டியில் ஒரு பெயர் இருந்தது. திராட்சை விவசாயிகள் சங்கத்தில் எழுத்து வேலை பார்த்தேன். மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என்னிடம்தான் வரும். கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன். செல்போன் ஊருக்குள் வந்த புதிது. ஒரு குறுஞ்செய்திக்குள் அடங்காத விஷயம் உலகத்தில் இல்லை என்று நம்பினேன்.

கிளைகளை வெட்டிக் கவாத்து முடித்த கொடிகளில் மொட்டு ஒரே சீராக வெடிப்பதற்கு ஒரு மருந்தைத் துணியில் நனைத்துத் தடவுவார்கள். எங்கள் தோட்டங்களுக்கு அந்த வருடம்தான் அது வந்தது. கூடவே ஆங்கிலத்தில் நான்கு பக்கத் தாள். சட்டைப் பைக்குள் அடங்குகிற சீட்டாக அதைத் தமிழில் போட்டுத் தரச் சொன்னார் சங்கத் தலைவர். நீளமாக இருந்தால் நம் ஆட்கள் படிக்க மாட்டார்கள் என்றார். எனக்கும் அதுதான் நினைப்பு. முதல் இரண்டு பக்கத்தைப் படித்தேன். மூன்றாம் பக்கம் நெருக்கிப்பிடித்த எழுத்து. ஈரல், ரத்தம் என்று ஏதோ ஓடியது. விளக்கம்தானே என்று கண்ணை மட்டும் ஓட்டிவிட்டு நாலு வரி எழுதினேன். கையுறை போடவும். கண்ணில் படக் கூடாது. மருந்து தடவும்போது மது அருந்தக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கவும். தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சீட்டு தோட்டம் தோட்டமாகப் போயிற்று.

என் அண்ணன் செவ்வாய்க்கிழமை மருந்து தடவினார். வெள்ளிக்கிழமை மதியம் பங்காளி வீட்டுக் கறிவிருந்தில் அரை டம்ளர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் மதினி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஒங்கண்ணனுக்கு மூஞ்சியெல்லாம் ரத்தமாச் செவந்துபோச்சு. மூச்சு விட முடியலங்காக. வெரசா வாங்க."

ஆட்டோவில் கம்பத்துக்குக் கொண்டுபோனோம். அவர் தலை என் மடியில் இருந்தது. நெஞ்சில் கை வைத்தால் உள்ளே இருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் அடித்தது. வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. ஆஸ்பத்திரி வருவதற்குள் அண்ணன் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டர் எங்களை விசாரித்தார். சரக்கில் கோளாறு என்றால், அதே பாட்டிலில் குடித்த மற்றவர்கள் நன்றாகவே இருந்தார்கள். இந்த வாரம் வேறு என்ன செய்தார் என்று கேட்டபோதுதான் மதினி மருந்தைச் சொன்னார். அதைப் பற்றிய தாள் இருந்தால் உடனே வேண்டும் என்றார் டாக்டர். அங்கே இருந்த ஒருவரிடம் பைக்கை வாங்கிக்கொண்டு சங்கத்துக்குப் பறந்தேன்.

மேசை இழுப்பறையைத் திறந்து, நின்றபடியே மூன்றாம் பக்கத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். மருந்து தோல் வழியே உள்ளே போய்ச் சில நாள் தங்கும். அதுவரை மதுவை ஈரலால் முழுதாகச் சிதைக்க முடியாது; பாதியில் நின்று அதுவே விஷமாகும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். ஆகையால் முந்தின நாள் தொடங்கி, தடவிய பிறகு ஒரு வாரம் வரை ஒரு சொட்டும் ஆகாது. மடியில் நான் பார்த்துவிட்டு வந்ததெல்லாம் வரி வரியாக அங்கே இருந்தது.

டாக்டர் தாளை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். எனக்கு உயிரே போயிற்று. மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது என்று விரலால் காட்டினேன். அவர் தலை நிமிரவில்லை. நாலாம் பக்கத்தின் கடைசியில், இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று இருந்ததை இரண்டு தரம் படித்துவிட்டு நர்சைக் கூப்பிட்டார்.

நாலு மணிக்கு மேல் அண்ணன் முகத்தில் சிவப்பு இறங்கியது. இனி பயமில்லை என்றார்கள். அதுவரை இருந்த பயமெல்லாம் எனக்குக் கோபமாக வந்தது. சீட்டில் அவ்வளவு தெளிவாகப் போட்டும் எதற்குக் குடித்தாய் என்று கத்தினேன். அவர் சட்டைப் பையைத் தடவி, நாலாக மடித்த சீட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஏலே, நீ எழுதுனபடிதான நடந்தேன். தடவுன அன்னைக்கி நான் தொடவே இல்லையே."

சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அடுத்த பயம் பிடித்தது. இதே சீட்டு இன்னும் எத்தனை சட்டைப் பையில் இருக்கிறது? தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பைக்கில் ஊருக்கு விரைந்தேன்.

முதலில் அண்ணன் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். அது எங்கள் மாமாவுடையது. அவர் புதன்கிழமை மருந்து தடவியிருந்தார். பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து அப்போதுதான் டம்ளரில் ஊற்றியிருந்தார். நான் மூச்சு வாங்கத் தாளை விரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னப்பா இம்புட்டு இருக்கு? ஒன் வழக்கம்போலச் சுருக்கமாச் சொல்லு."

அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன். பிறகு முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகத் தமிழில் படிக்கத் தொடங்கினேன்.