துணி படத்தில் விழாது

பேரியம் சல்பேட்டை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி அந்தப் பொட்டலத்தைக் கீழே போடப் பார்த்தாள். கையளவுப் பொட்டலம்தான். அதற்கேற்ற கனத்தை எதிர்பார்த்துக் கையை நீட்டியவளுக்கு மணிக்கட்டு சட்டென்று இறங்கிவிட்டது.

"என்னங்க இது, பாக்க மைதா மாவாட்டம் இருக்கு, கருங்கல்லாட்டம் கனக்கு?"

"கல்லுதான்" என்றேன்.

மண்ணுக்கடியில் வெட்டியெடுக்கும் ஒரு கனமான கல்லை இடித்து, நிலக்கரித் தூளோடு சேர்த்து உலையில் சுட்டால், தண்ணீரில் கரையும் கறுப்புச் சாம்பல் கிடைக்கும். அதைக் கரைத்து வடித்து, சோடியம் சல்பேட் கரைசலை ஊற்றினால் வெள்ளையாக வண்டல் இறங்கும். அந்த வண்டலைத் திரும்பத் திரும்பக் கழுவி, உலர்த்தி, அரைத்தால் இந்த மாவு. கரைந்து நிற்கும் நடுக்கட்டத்தில் பேரியம் கொடிய விஷம். வண்டலாகிவிட்டால் தண்ணீரிலும் கரையாது, வயிற்று அமிலத்திலும் கரையாது. கரையாததை உடம்பு எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் குடலைப் படம் எடுக்கும்போது இதையே தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்வி கேட்டாள். "கழுவுனவன் சோம்பேறியா இருந்தா?"

"அதைப் பாக்கத்தான எனக்குச் சம்பளம்."

நான் இராஜபாளையத்தில் மருத்துவத் துணி நெய்யும் சிறு கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பவன். மாவு மூட்டை வந்ததும் ஒரு கரண்டி எடுத்து, நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்து வடிகட்டுவேன். வடிந்த தெளிநீரில் சில சொட்டுக் கந்தக அமிலம் விட்டு, கறுப்புக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பேன். தெளிவாகவே நின்றால் நல்ல மாவு. கலங்கினால் கரைந்த பேரியம் இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்தக் கலங்கலும் பேரியம் சல்பேட்தான். விஷமாக நின்றது கண்ணெதிரே விஷமில்லாததாக மாறி அடியில் போய் உட்காரும். பல வருஷமாகப் பார்த்தும் எனக்கு அது சலிக்கவில்லை.

நாங்கள் செய்யும் துணியில் ஒரு வகை ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போகிறது. எக்ஸ்ரே கதிர் பருத்தியை ஊடுருவிப் போய்விடும். ரத்தத்தில் ஊறிய துணி தவறி வயிற்றுக்குள் தங்கிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, படத்திலும் தெரியாது. பேரியம் அந்தக் கதிரைத் தடுக்கும். ஆகவே மாவை பிளாஸ்டிக்கோடு கலந்து உருக்கி, சிறு துளை வழியாக இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் ஆறவிட்டு, நீல நூலாக்கித் துணியில் ஓட்டுகிறோம். மாவு குறைந்தால் நூல் படத்தில் மங்கும். கூடினால் மடக்கும்போதே ஒடியும்.

ஒவ்வொரு தடவை நூல் இழுத்த பிறகும் ஒரு துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு எக்ஸ்ரே சென்டருக்குப் போவேன். வயிற்றுக்குப் பதிலாக ஒரு தண்ணீர்ப் பை. துணியைப் பைக்கு அடியில் வைத்துப் படம் எடுப்போம். திரையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த நூல் பாஸ். படம் எடுத்த துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வீட்டுப் பரணில் வைத்திருப்பேன். டப்பா நிறைந்ததும் கம்பெனியில் கொடுத்தால் எரித்துவிடுவார்கள். நீல நூல் துணியை வெளிக்காயத்துக்குக் கட்டக்கூடாது, படம் எடுத்தால் வெளியே இருப்பதா உள்ளே இருப்பதா என்று டாக்டர் குழம்பிப்போவார் என்று கம்பெனியில் அடிக்கடி சொல்வேன். வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

போன மாசியில் மனைவிக்கு இடுப்பு வலி வந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. டாக்டர் படம் எடுத்துவரச் சொன்னார். எனக்குத் தெரிந்த சென்டருக்கே பஸ்ஸில் கூட்டிப்போனேன். படம் எடுக்கும் தம்பி எழுந்து வந்தான்.

"வாங்க அண்ணாச்சி. தண்ணிப் பையக் காணோம், மதினியக் கூட்டியாந்திருக்கிய?"

"என் இடுப்பு ஒடிஞ்சாத்தான உங்க அண்ணாச்சிக்கு என்னைய ஊரு பாக்கக் கூட்டியாரத் தோணுது" என்றாள் அவள்.

"ஊக்கு, கொக்கி, தாயத்து இருந்தாக் கழட்டிருங்க மதினி. நாடாவ லேசா நெகிழ்த்திக்கிட்டாப் போதும். சேலை இருக்கட்டும், துணி படத்துல விழாது."

படம் எடுத்து முடிந்ததும் அவள் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் பழக்கத்தில் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வந்தது. அதன் குறுக்கே, தொப்புள் மட்டத்தில், ஒரு வெள்ளைக் கோடு. போய், மடங்கி, திரும்பி வந்து, மறுபடி மடங்கியிருந்தது.

தம்பி திரையைப் பெரிதாக்கினான். குரல் இறங்கிவிட்டது. "அண்ணாச்சி, இது நம்ம நூலுல்லா?"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மதினிக்கு ஆப்பரேஷன் எதுவும் ஆயிருக்கா?"

ஆகியிருந்தது. சில வருஷங்களுக்கு முன் கருப்பையை எடுத்தோம். அதற்குப் பிறகு அவ்வப்போது வயிறு பிடித்து இழுக்கிறது என்பாள். வாயு என்று சொல்லி ஓமம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதே நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்தக் கோட்டை எத்தனையோ தடவை சந்தோஷமாகப் பார்த்திருக்கிறேன். அது ஒரு மனுஷியின் வயிற்றில் தெரியும்போது எப்படி இருக்கும் என்று நினைத்ததே இல்லை. திரும்ப வயிற்றைத் திறக்க வேண்டும். அவள் தாங்குவாளா?

"பக்கவாட்டுல ஒரு படம் எடுத்தா எம்புட்டு ஆழத்துல கெடக்குன்னு தெரிஞ்சிரும். பொறவு டாக்டர் பாக்கட்டும். மதினிகிட்ட நீங்க சொல்லுங்க" என்றான் தம்பி.

வெளியே வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "ஏன் இப்படி வெளுத்துப்போய் வாரிய? மோசமாக் காட்டுதா?"

"வயித்துல ஒரு நூலு தெரியுது. ஆப்பரேஷன்ல துணி எதுவும் உள்ள தங்கிருச்சோன்னு..."

"என்ன நூலு?"

"எங்க நூலு. நீல நூலு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கை இடுப்புக்குப் போனது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏங்க, சொன்னா வைய மாட்டியள்லா?"

"சொல்லு."

"பாவாடை நாடா வந்து உக்காருற எடத்துலதான் ஆப்பரேஷன் தையலு முடியுது. வெயில் காலத்துல ஒரசி ஒரசிப் புண்ணாயிருது. உங்க டப்பாவுல இருந்து ஒரு துண்ட எடுத்து மடிச்சு, உள்பட்டியில வச்சுத் தச்சிருக்கேன். அம்புட்டு மெத்துன்னு வேற துணி கெடைக்குமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. வெளியே ஒன்று இருப்பதால் உள்ளே ஒன்று இல்லை என்று ஆகிவிடாது. தம்பியிடம் சொன்னேன். அவன் ஆஸ்பத்திரி அங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, பாவாடையைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். தம்பி படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் பட்டியைத் தடவிப் பார்த்தேன். எட்டு மடிப்பு. ஓரம் பிரியாமல் சின்னச் சின்னத் தையல். துவைத்துத் துவைத்துத் துணி தோலைப் போல ஆகியிருந்தது.

திரையில் எலும்பு மட்டும் வந்தது. அடுத்த படத்திலும் எலும்பு மட்டும்தான். கோடு எங்கேயும் இல்லை. ஓரங்களையும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினான். இல்லை.

தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அண்ணாச்சி, செத்த நேரத்துல உசிர எடுத்திட்டிய. உங்க சரக்கு சும்மா சொல்லக்கூடாது, பளிச்சுன்னு தெரியுது."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "அவிய பாஸ் போட்ட துணிதான தம்பி, தெரியாமப் போகுமா?"

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. பாவாடை கையிலேயே இருந்ததால் அதில்தான் துடைத்துக்கொண்டேன்.

டாக்டர் படத்தைப் பார்த்து, எலும்புத் தேய்மானம்தான், குடம் தூக்க வேண்டாம், உடற்பயிற்சி செய்தால் போதும் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "புண்ணாகுதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீல நூல் துணிய எதுக்குக் கட்டக்கூடாதுன்னு பாடம் நடத்துவிய. எனக்கு வேண்டியது பாடமா? துணி."



மறுநாள் கம்பெனியில் நீல நூல் இல்லாத சாதாரணத் துணியை விலைக்கு வாங்கிவந்தேன். வீட்டில் அவளுடைய பாவாடைகளைக் கேட்டேன். நான்கிலும் என் டப்பாத் துணி இருந்தது. தையலைப் பிரித்து எடுத்து டப்பாவில் போட்டேன். புதுத் துணியை எட்டாக மடித்தேன். எந்த இடத்தில் வைக்க வேண்டும், எவ்வளவு நீளம் என்று கேட்டபோது, அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். சேலையைக் கொஞ்சம் விலக்கினாள். ஆஸ்பத்திரியில் தையல் பிரித்த நாளுக்குப் பிறகு நான் அந்தத் தழும்பைச் சரியாகப் பார்த்ததில்லை. மேல் முனையில் தோல் கறுத்துக் கன்றியிருந்தது.

விரலை வைத்தேன். "இங்கயா ஒரசுது?"

"அங்க இல்ல. செத்த மேல."

விரலை நகர்த்தினேன்.

"ம். கை சில்லுன்னு இருக்கு" என்றாள். எடுக்கச் சொல்லவில்லை.