கோஸ் ஏற்றிய ஆம்புலன்ஸ்

பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய ஆம்புலன்ஸ் அது. ஒரு காய்கறி மண்டிக்காரர் வாங்கிக் கோஸ் ஏற்றினார். சிவப்புச் சிலுவையின் மேல் சாம்பல் பெயிண்ட் அடித்தார்கள், மணியைக் கழற்றினார்கள். உருவத்தை மாற்றவில்லை. அதனால்தான் ஒக்கலிபுரத்தில் என் அண்ணன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தபோது ஓடிப்போய் அதை மறித்தேன்.

டிரைவர் நரைத்த மீசைக்காரர். சாயம் போன காக்கிச் சட்டை.

"இது ஆஸ்பத்திரி வண்டி இல்லப்பா, கோஸ் வண்டி. தினம் யாராவது இப்படித்தான் கை காட்டுறாங்க."

"அப்புறம் எதுக்கய்யா இதை ரோட்டுல விடுறீங்க?" என்று கத்தினேன்.

அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்து கோஸையெல்லாம் ரோட்டில் தள்ளினார். அண்ணனைப் படுக்க வைத்தோம்.

மணி இல்லாததால் கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே ஓட்டினார். ஒரு ஜட்காக்காரனும் ஒதுங்கவில்லை. மார்க்கெட் முனையில் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார்.

"ஏனப்பா, வெறும் கோஸுக்கே தினமும் தட்டுறவன்தானே நீ? நில்லு."

"பட்டாளத்துப் பழக்கம் சார், விடல. இன்னிக்கு உள்ளே ஆள் இருக்கு, பாருங்க."

போலீஸ்காரர் நிதானமாக வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகே வழி விட்டார்.

அண்ணன் பிழைத்தான். ஒரு கால் போனது. நன்றி சொல்ல மண்டிக்குப் போனேன். சரக்கைக் கொட்டியதற்காக டிரைவரை அன்றைக்கே துரத்திவிட்டார்களாம். எங்கே போனார் என்று அங்கே ஒருவனுக்கும் தெரியவில்லை.

அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. ஜனங்கள் இன்னும் கை காட்டுகிறார்கள். புது டிரைவர் நிறுத்துவதில்லை.