அன்புக்கரசி உட்கார்ந்த பதினெட்டு நாட்கள்

அன்புக்கரசிக்கு முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னது 2019 மார்ச்சில். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில், காட்டன் சேலைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு மாடியேறினால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். அதே மாடியில் சரக்குப் பதிவேடு எழுதியவன் நான்.

2023இல் நோய் முற்றியிருந்தது. எழுந்ததும் விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் ஆகும். ரவிக்கைக் கொக்கியை மகள்தான் மாட்டிவிடுவாள். இவள் ஒரு சேலையை மடிப்பதற்குள் பக்கத்துப் பெண் இரண்டு மடித்துவிடுவாள். ஆதம்பாக்கத்து வீட்டில் வேலைக்குப் போகிறவள் இவள் ஒருத்திதான்.

"ஆடி முடிஞ்சதும் என்னை நிறுத்திடுவாங்கோ சார்," என்றாள்.

அரசு மருத்துவமனையில் அவளை ஷண்முகப்ரியா என்ற தெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். நோயோடு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவது அந்தப் பெண்ணின் தொழில். விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்காதே, உள்ளங்கையாலும் முன்கையாலும் மடி. அடுக்கைத் தூக்காதே, மேஜைமேல் தள்ளு. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை சிறிது நேரம் உட்கார். இவ்வளவையும் மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்: செய்த வேலை, உட்கார்ந்த நேரம், பத்துக்கு எத்தனை வலி.

பேனா பிடிக்க முடியாதவள் எப்படி எழுதுவாள்? நான் எழுதினேன்.

கடைப் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் மாடிக்கு நான்கு முக்காலிகள் வந்திருந்தன. பெண்கள் பதினோரு பேர். முக்காலிகளின் மேல் தள்ளுபடி அட்டைகள் இருந்தன. ஜூலை 3, திங்கள், காலை 10.50க்கு அன்புக்கரசி ஓர் அட்டையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் அவளைப் பார்க்காதது போல் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறைகள் போக, பதினெட்டு நாட்கள் எழுதினேன். முதல் நாள் மாலை வலி எட்டு. கடைசி நாள் நான்கு. முதல் நாள் மடித்த சேலை 148. கடைசி நாள் ஆடிக் கூட்டத்திலும் 231. பதினான்காம் நாள் ரவிக்கைக் கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டு வந்தாள். அதையும் ஓரத்தில் குறித்தேன்.

ஜூலை 24 காலை, கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று முக்காலிகளைக் கிடங்குக்கு அனுப்பச் சொன்னார் மாடிப் பொறுப்பாளர் சக்திவேல். முப்பது வயது, திருநெல்வேலிப் பக்கம். அன்புக்கரசி நோட்டோடு அவரிடம் போனாள்.

"ஒண்ணே ஒண்ணு விட்டு வையுங்க சார். இத படிச்சுப் பாருங்க, இப்ப வேலை எவ்ளோ நல்லா நடக்குதுன்னு இதுலயே கீது."

அவர் செல்போனை எடுத்து, உட்கார்ந்த நேரம் எழுதிய பத்தியை மட்டும் கூட்டினார்.

"பதிமூணு மணி நேரம் பன்னெண்டு நிமிசம். ஒரு முழு நாளுக்கு மேல உக்காந்திருக்கிய. யக்கா, நீங்களே எழுதிக் குடுத்திருக்கிய, நான் என்ன சொல்லுததுக்கு?"

"பக்கத்துல சேலை எண்ணிக்கையும் கீதே சார்!"

"அது உங்க வேலைல்லா? அதுக்குத்தானக்கா வாரிய?"

கூட்டல் சரி. நானும் சரிபார்த்தேன். உட்கார்ந்த நேரத்தைக் குறைத்து எழுதியிருக்கலாம். அப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெரபிஸ்டுக்கு என்று எழுதியதை வேறு எவரும் படிப்பார்கள் என்றும் நினைக்கவில்லை.

மறுநாள் விடுமுறை. 26ஆம் தேதி அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பை பிரித்து, சேலையைப் போட்டு, பை வாயில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் வேலை. எல்லாமே விரல் நுனி வேலை, அதுவும் நின்றுகொண்டு. மாலையில் அவளைக் கேட்டு நோட்டைத் தொடர்ந்து எழுதினேன். பத்து நாளில் வலி ஒன்பது. நோட்டு எழுதுவதை அவளே நிறுத்தச் சொல்லிவிட்டாள். செப்டம்பர் 4 அன்று பின் அடிக்கும் கருவி கையிலிருந்து விழுந்து உடைந்தது.

அன்று பிற்பகல் சக்திவேல் அவளை என் மேஜைக்கு அழைத்து வந்தார்.

"யண்ணே, அக்காவுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. சொந்தக் காரணத்துக்காக வேலைய விட்டு நிக்கிதாங்கன்னு."

எழுதினேன். முப்பத்தோரு வருடத்தில் உண்மையில்லாத ஒன்றை நான் எழுதியது அந்த ஒருமுறைதான். எழுதியதை அவள் பக்கம் திருப்பி, "படிச்சுப் பாரும்மா," என்றேன்.

"எதுக்கு சார்? நீங்க எழுதினா கரெக்டாத்தான் இருக்கும்," என்று சொல்லி, பேனாவை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.