மேடைக்குப் பின்னால் ஒரு மைக்

எழுபதுகளில் தூத்துக்குடியில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். துறைமுகத் தொழிலாளர்கள் நடத்திய பொங்கல் விழாவில் ரீத்தா என்ற பெண் முதன்முறையாகப் பாட மேடை ஏறவிருந்தாள். குரலைப் பதப்படுத்துவதற்காக, மேடைக்குப் பின்னால் நின்று வாயை மூடியபடி வெகுநேரம் முனகினாள். பிறகு உதடுகளைப் படபடவென்று அதிரவிட்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் பக்கத்தில் சும்மா கிடந்த மைக்குக்கு சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

மைதானமெங்கும் அந்தச் சத்தம் கேட்டது. "ஏலே, லாரி ஸ்டார்ட் ஆவுதுலே!" என்று ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது. ரீத்தா சட்டென்று நிறுத்திவிட்டாள். அதன்பின் முனகக்கூட இல்லை. அப்படியே மேடை ஏறினாள். முதல் பாட்டு உச்சிக்குப் போனதுமே குரல் உடைந்தது. மறுபடியும் சிரிப்பு.

இறங்கியதும் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"மைக் பக்கத்துல போயி நின்னது என் தப்புதாண்ணே. அது ஆன்ல இருந்தது ஒங்களுக்கும் தெரியாதுல்லா?"

"தெரியாதும்மா" என்றேன், வயரைச் சுருட்டிக்கொண்டே.

பிறகு அவளை நான் எந்த மேடையிலும் பார்க்கவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னபோது என் குரல் கொஞ்சமும் உடையவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.